ரசீது கேட்டு வாங்குங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற மகளிர் காவல் ஆய்வாளர் ஆற்றிய உரை)



என் காவல்துறை அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். 1985-ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, ஆய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். எனக்கு முன்னால் வழி போட்டவர்களை முதலில் சொல்லிடறேன்.

தமிழ்நாட்டில் பெண்களைப் போலீஸில் எடுத்தது 1973-லதான். ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள். நம்ம ரெண்டு குழுவைச் சேர்த்தா வர்ற ஆள்கூட இல்லை. 1976-ல் தர்மபுரிக்காரர் திலகவதி அம்மா ஐ.பி.எஸ். ஆனார். தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பணிக்குப் போன முதல் பெண். டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்றார். எழுத்தாளரும்கூட, கட்டடத் தொழிலாளர்களைப் பற்றி அவர் எழுதிய 'கல்மரம்' நாவலுக்கு 2005-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சித்தாள் வேலைக்குப் போறவங்க இங்கேயும் இருக்கீங்க, வாங்கிப் படிங்க. அவரோடு அதே ஆண்டு பணிக்கு வந்த லத்திகா சரண் 2006-ல் சென்னை கமிஷனர், 2010-ல் மாநில டி.ஜி.பி. அந்த ரெண்டு நாற்காலியிலும் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான்.

கீழே எங்க பாடு வேற. பந்தோபஸ்துன்னு ரோட்டோரம் மணிக்கணக்கா நிறுத்துவாங்க. கழிப்பறை கிடையாது. தண்ணி குடிக்காம நிக்கப் பழகிட்டோம். முதலமைச்சர் போற வழியில பெண் போலீசை நிறுத்த வேண்டாம்னு உத்தரவு வந்தது 2021-ல். காலை ரோல் கால் ஏழு மணிக்குப் பதிலா எட்டு மணின்னு அறிவிச்சது 2023-ல். அப்ப நான் ஓய்வு பெற்று வீட்ல காபி குடிச்சிட்டிருந்தேன்!

1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தாங்க. பெண்கள் கூச்சமில்லாம பேசத்தான் அது. ஆனா "குடும்ப விஷயம், அனுசரிச்சுப் போம்மா"ன்னு திருப்பி அனுப்புறது அங்கேயும் உண்டு. நான் மாறுதலாகிப் போன ஒரு நிலையத்துக்கு ஒரு பொண்ணு வந்தா. அதுக்கு முன்னாடியே மூணு தடவை வந்து, வெறும் பேச்சோட திரும்பினவ. இந்தத் தடவை அவ குழுவிலிருந்து மூணு பேர் கூட வந்தாங்க. ஒருத்தி கையில நோட்டு. என்னைக்கு அடிச்சான், எங்கே காயம், எந்த ஆஸ்பத்திரி, எல்லாம் தேதியோட. தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகின கை! அன்னைக்கே வழக்குப் பதிஞ்சேன்.

நீங்க ரசீது இல்லாம சந்தா கட்டுவீங்களா? ஸ்டேஷன்ல மட்டும் ஏன் வெறுங்கையோட வர்றீங்க? மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்க. எஃப்.ஐ.ஆர். போட்டா அதன் நகல் இலவசம், அது உங்க உரிமை. நம்ம எல்லை இல்லைன்னு சொன்னாலும் குற்றத்தைப் பதியணும். அதுக்குப் பேரு ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தா எஸ்.பி.க்குத் தபால்ல அனுப்புங்க. சாட்சி சொல்லப் பெண்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கணும். உடனடி உதவிக்கு 181. ஆன்லைன்ல பணம் போனா 1930, தாமதிக்காம அடிங்க.

சி.எஸ்.ஆர். ரசீதை நிறைய பேர் பார்த்திருக்க மாட்டீங்க. மாதிரி ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். கடைசி வரிசை வரைக்கும் கைமாத்தி விடுங்க.