படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்



ஆலைத் தொழிலாளியின் பிள்ளையும் ராணுவ அதிகாரி ஆகலாம். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்கள் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு எழுதலாம்.

சிறு வயதில் பிள்ளைமேல் வழக்கு இருந்ததா? 'இனி அரசு வேலையே கிடைக்காது' என்பார்கள். நம்பாதீர்கள்.

2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 24ஆம் பிரிவு என்ன சொல்கிறது? 18 வயதுக்குள் செய்த தவறு, பிற்காலத் தகுதியைக் கெடுக்காது. கொடிய குற்றத்துக்காகப் பெரியவரைப்போல விசாரிக்கப்பட்டு, குற்றவாளி எனத் தீர்ப்பான 16 வயதைத் தாண்டியவருக்கு மட்டும் இது பொருந்தாது.

மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் ஒருவருக்கு வேலை மறுத்தார்கள். காரணம், சிறுவனாக இருந்தபோது வந்த வழக்கு. 2019இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணத்தை ஏற்கவில்லை.

அதற்காகப் பொய் எழுதலாமா? கூடாது. படிவத்தில் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்று 2016இல் அதே நீதிமன்றம் சொன்னது. மறைத்தது தெரிந்தால், கிடைத்த வேலையும் போகலாம்.

கைது வேறு, வழக்கு வேறு, தண்டனை வேறு. எதைக் கேட்கிறார்கள் என்று எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். பழைய உத்தரவின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

சந்தேகமா? கையெழுத்துப் போடும் முன்பு ஆனேக்கல் தாலுகா சட்ட சேவைக் குழுவைக் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர்களுக்குச் சட்ட உதவி இலவசம்.