இறாலின் உணவுப் பாதை

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை வீதியில் உள்ளது களுதாவளை. கிழக்கே கடல், மேற்கே வாவி. வெற்றிலைக்குப் பேர்போன அவ்வூரின் அடுக்களைகளுக்கு இறாலும் கூனியும் புதியன அல்ல. இறாலை உரிப்போர் முதுகைக் கீறிக் கறுப்பு இழையொன்றை இழுத்தெறிவர். அதனை நரம்பு என்பாரும் உளர். அது நரம்பன்று, குடல். இறாலின் நரம்புநாண் வயிற்றுப்புறமாக ஓடுகின்றது. மனித உடலின் ஒழுங்கிற்கு இது நேர்மாறு. இறால் பட்டினி கிடந்திருப்பின் அவ்விழை கறுத்தும் தோன்றாது.

அப்படியாயின் இரைப்பை எங்கே? தலைப்பகுதியிலேயே உளது. வாயிலிருந்து குறுகிய குழாயொன்று மேலெழுந்து அதனை அடையும். இரைப்பையின் உட்சுவரிற் கைற்றினாலான பற்கள் உண்டு. தசைகள் அசைக்க, அவை உணவை அரைக்கும். வயிற்றினுள்ளே ஒரு திரிகை! அதற்கடுத்த அறையில் நுண்மயிர்கள் செறிந்து சல்லடையாக நிற்கின்றன. கரைந்த சாறும் மிக நுண்ணிய துகள்களுமே அதனைக் கடந்து ஈரற்சதையிக்குட் புகும். முரடான எச்சம் மெல்லிய சவ்வொன்றாற் பொதியப்பட்டுக் குடல்வழியே வாலை நோக்கிச் செல்லும். ஓடு கழற்றும் வேளையில் அப்பற்களும் சல்லடையும் பழைய ஓட்டோடு கழன்றுவிடும்; புதியன தோன்றும். அக்காலத்தில் இறால் இரையெடாது.

அப்பொழுது அதனைக் காப்பது ஈரற்சதையியிற் சேமித்த கொழுப்பே. நொதியங்களைச் சுரப்பதும், செரித்ததை உறிஞ்சுவதும், மிகுதியைச் சேமிப்பதும் அவ்வுறுப்பே. அது கெட்டால் இறாலுக்கு வாழ்வில்லை. 2009 அளவிற் சீனத்து இறாற்பண்ணைகளிற் பரவத் தொடங்கிய கொள்ளைநோய் தாக்கியதும் அதனையே. விப்ரியோ இனப் பற்றீரியா ஒன்றின் நஞ்சே காரணமென 2013ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

உயிரோடிருக்கையில் உணவைச் செரிக்கும் நொதியங்கள், இறந்தபின் இறாலையே செரிக்கத் தொடங்குகின்றன. ஈரற்சதையியின் சுவர் சிதைய, அவை கசிந்து அயலிலுள்ள தசையைக் குழையச் செய்யும். தலையை அடுத்த பகுதி முதலிற் பிசுபிசுத்துப்போவது இதனாலேயே. விடியற்காலையில் வலையில் வீழ்ந்த இறால் பனிக்கட்டியின்றி நண்பகல்வரை கூடையிற் கிடப்பின், விலை பாதியாவதில் வியப்பில்லை. தலையை உடனே நீக்கினால் அக்கேட்டின் ஊற்று நீங்கும். பனிக்கட்டி அதன் வேகத்தைத் தணிக்கும்.

விரல்நுனியளவான கூனிக்கு அது ஆகாது. ஒவ்வொன்றாய்த் தலை கிள்ளுவது யாரால் முடியும்? குடலும் ஈரற்சதையியும் உள்ளபடியே அது சம்பலாகின்றது. ஆதலாற் பிடித்த அன்றே வெயிலிற் பரப்பி விரைந்து உலர்த்துவர்; நீர் வற்ற நொதியத்தின் தொழிலும் ஓயும். மாரிக்காலத்து மப்பு நாளிற் குவித்துவைத்த கூனியோ மாலைக்குள் கூழாகிவிடும்.