அண்டக் கதிர்களின் பிறப்பிடம் தேடி

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1912ஆம் ஆண்டில் ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ், பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் உயரே சென்று, விண்ணிலிருந்து இடையறாது ஒரு கதிர்வீச்சு பூமியை வந்தடைவதைக் கண்டறிந்தார். இன்று அண்டக் கதிர் எனப்படும் அதில் பெரும்பகுதி புரோட்டான்களே. அவற்றுள் பேராற்றல் கொண்டவை எங்கே பிறக்கின்றன என்ற கேள்வி ஒரு நூற்றாண்டு கடந்தும் முழுமையாகத் தீரவில்லை. புரோட்டான் மின்னூட்டம் உடையது. வழியிலுள்ள காந்தப்புலங்கள் அதன் பாதையை வளைத்துவிடுகின்றன. வந்து சேரும் திசையை வைத்துப் புறப்பட்ட இடத்தைச் சொல்ல இயலாது.

ஆனால் பிறந்த இடத்திலேயே அது வேறு இரண்டையும் பிறப்பிக்கிறது. விரைந்தோடும் புரோட்டான் வாயுவுடனோ ஒளித்துகளுடனோ மோதும்போது பையான் என்னும் துகள்கள் தோன்றிக் கணத்தில் சிதைகின்றன. மின்னூட்டமற்ற பையான் இரு காமாக் கதிர்களாகிறது. மின்னூட்டமுள்ள பையானிலிருந்து நியூட்ரினோக்கள் வெளிப்படுகின்றன. இரண்டும் காந்தப்புலத்தால் வளையாமல் வருபவை. எனினும் காமாக் கதிரை எலெக்ட்ரான்களும் உண்டாக்க வல்லவை. அது மட்டும் சான்றாகாது. பேராற்றல் நியூட்ரினோவே உறுதியான சாட்சி.

நாளேடுகள் இதனைப் "பேய்த்துகள்" என்று எழுதி மகிழ்கின்றன. இதில் பேய் ஏதுமில்லை. பீட்டாச் சிதைவில் ஆற்றல் காணாமற்போவது போலத் தோன்றியபோது, ஆற்றல் அழியாமை விதியையே கைவிட நேரலாம் என்று நீல்ஸ் போர் போன்ற மேதையே எண்ணினார். 1930இல் வோல்ஃப்காங் பவுலி, கண்ணுக்குப் படாத பருப்பொருள் துகள் ஒன்று அந்த ஆற்றலைக் கொண்டு செல்கிறது என்றார். 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் அணு உலையருகே அத்துகளைக் கண்டனர். விதி பிழைத்தது.

சூரியனிலிருந்து மட்டும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பையும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் ஊடுருவுகின்றன. எதனுடனும் எளிதில் மோதுவதில்லை. எனவே பொறி மிகப் பெரிதாக இருத்தல் வேண்டும். ஆழ்ந்த ஏரியையோ கடலையோ பொறியாக்கலாம் என்று 1960இல் முன்மொழிந்தவர் சோவியத் விஞ்ஞானி மோய்சே மார்க்கோவ். மோதலில் பிறக்கும் மின்னூட்டத் துகள் நீரில் நீல ஒளியை உமிழும். செரன்கோவ் ஒளி எனப்படும் அதுவும் சோவியத் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டதே. பைக்கால் ஏரியில், குளிர்காலத்தில் உறைந்த பரப்பின் மீது நின்று கருவிகளை ஆழத்தில் இறக்கிய குழுவினர், சோவியத் ஒன்றியம் சிதைந்த பின்னரும் பணியைக் கைவிடவில்லை.

2010 டிசம்பரில் தென்துருவத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஐஸ்க்யூப் அதே கருத்தின் பெருவடிவம். 1,450 மீட்டர் முதல் 2,450 மீட்டர் வரையிலான ஆழத்தில், ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 உணர்கருவிகள். 2017 செப்டம்பர் 22 அன்று, ஏறத்தாழ 290 டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய நியூட்ரினோ ஒன்றின் தடம் அங்கே பதிந்தது. 43 நொடிகளில் உலகெங்குமுள்ள தொலைநோக்கிகளுக்குச் செய்தி பறந்தது. ஓரியன் விண்மீன் குழுவின் அத்திசையில், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், டிஎக்ஸ்எஸ் 0506+056 என்ற பிளேசார் காமாக் கதிரில் கொந்தளித்துக்கொண்டிருந்ததை ஃபெர்மி விண்கலம் காட்டியது. பிளேசார் என்பது, நடுவிலுள்ள பெருங்கருந்துளையருகிலிருந்து பீறிடும் தாரை பூமியை நோக்கியிருக்கும் விண்மீன் மண்டலம். லா பால்மா தீவின் மேஜிக் தொலைநோக்கிகளும் அக்கதிர்களைக் கண்டன. பழைய பதிவுகளைப் புரட்டியபோது, 2014 இறுதியிலும் 2015 தொடக்கத்திலும் அதே திசையிலிருந்து சுமார் 13 நியூட்ரினோக்கள் மிகையாக வந்திருந்தது தெரிந்தது. வியப்பு என்னவெனில், அப்போது காமாக் கதிரில் கொந்தளிப்பே இல்லை.

இந்தப் புதிர் 2022இல் மேலும் கூர்மையடைந்தது. 4.7 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள என்ஜிசி 1068 மண்டலத்திலிருந்து சுமார் 79 நியூட்ரினோக்கள் வந்திருப்பதாக ஐஸ்க்யூப் அறிவித்தது. அதே ஆற்றலளவில் காமாக் கதிரோ தென்படவில்லை. கருந்துளையைச் சூழ்ந்த அடர்த்தியான கதிர்வீச்சு காமாக் கதிரை விழுங்கிவிடுகிறது, நியூட்ரினோ மட்டும் தப்பி வருகிறது என்பதே இன்றைய விளக்கம். ஒளியை மட்டும் நம்பியிருந்தால் இந்த இடம் மறைந்தே கிடந்திருக்கும்.

இத்துறையில் இந்தியாவின் தொடக்கம் கோலார் தங்கவயல். 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹாம் விஞ்ஞானிகளுடன் சேர்ந்து, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தது. உலகிலேயே இத்தகைய முதற் பதிவுகளுள் அது ஒன்று. அந்த ஆழத்தைத் தோண்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தலித் தமிழ்த் தொழிலாளர்கள். ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. 2001இல், இலாபமில்லை என்று சுரங்கம் மூடப்பட்டது. தொழிலாளர் வேலையிழந்தனர், ஆழத்துச் சுரங்கப் பாதைகளில் நீர் நிரம்பியது.