தட்டணுத் தூளும் தாடை எலும்பும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெக்கானிக்கல் படிச்சவனுக்குத் தாடை எலும்புல என்னப்பா வேலை?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்விதான். மருந்துப் பொருள்களை உறைய வைத்து உலர்த்தும் இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் நான் வேலை பார்க்கிறேன். வேக்குவம் பம்பும் கம்ப்ரஸரும்தான் என் பிழைப்பு. அந்த இயந்திரத்துக்குள் போகும் பொருள்களில் ஒன்று மனித இரத்தத்தின் தட்டணு. அதனால்தான் இந்த மேடையில் இந்தப் பேச்சு.

தட்டணு என்றால் நம் ஊரில் டெங்கு ஞாபகம்தான் வரும். "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்று கேட்காத வீடு கிடையாது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய இந்தத் துணுக்குகளுக்கு இரத்தத்தை உறையச் செய்வது மட்டும் வேலை அல்ல. காயம் பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, தம் உள்ளே பொதிந்து வைத்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் என்ற புரதங்களை அவிழ்த்து விடுகின்றன. "இங்கே வா, செல்லைப் பெருக்கு, புது இரத்தக் குழாய் போடு" என்று சுற்றுப்புறத்துக்குச் சொல்லும் தபால்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தபால்களை எலும்பு வளர்க்கவும் பயன்படுத்தலாமே என்ற எண்ணம் 1990களில் வலுத்தது. அமெரிக்க வாய், முக அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் குழுவினர், கீழ்த்தாடையில் எலும்பு ஒட்டு வைத்த 88 நோயாளிகளைப் பற்றி 1998இல் எழுதினார்கள். தட்டணு செறிந்த பிளாஸ்மா சேர்த்தவர்களுக்கு எலும்பு சீக்கிரம் முதிர்ந்தது, அடர்த்தியும் கூடியது என்பது அவர்கள் கண்டது. 2001இல் பிரான்ஸில் ஜோசப் ஷுக்ருன் இன்னும் எளிய வழி சொன்னார்: வேதிப்பொருள் எதுவும் சேர்க்காமல் நோயாளியின் இரத்தத்தையே சுழற்றி, கிடைக்கும் ஃபைப்ரின் ஜெல்லியைக் காயத்தில் வைப்பது. இன்று நம் ஊர்ப் பல் மருத்துவர்கள் பலரும் செய்வது இதுதான்.

சரி, இதில் உலர்த்துவது எங்கே வருகிறது? அந்த ஜெல்லியை எடுத்த சூட்டோடு பயன்படுத்தியாக வேண்டும். அடுத்த சிட்டிங்குக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் இரத்தம். இரத்த வங்கித் தட்டணுவோ இன்னும் செல்லம். 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் பொதுவாக ஐந்து நாள்தான். இதையே தூளாக்கிக் குப்பியில் அடைத்துவிட்டால் அலமாரியில் இருக்கும். தேவைப்படும்போது சுத்தமான நீர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம்.

தூளாக்குவது எப்படி? வெயிலில் வற்றல் போடுவது போல உலர்த்த முடியாது. வற்றல் சுருங்கும், சூட்டில் புரதம் கெடும். நாம் செய்வது கற்பூர வித்தை. திறந்து வைத்த கற்பூரம் உருகாமலே காற்றில் கரைந்து போகிறதே, அதே பதங்கமாதல்தான். வெப்ப இயக்கவியல் வகுப்பில் தண்ணீரின் மும்மைப் புள்ளி படித்திருப்பீர்கள்: 0.01 டிகிரி, 611 பாஸ்கல். அந்த அழுத்தத்துக்குக் கீழே பனிக்கட்டி உருகாது, நேரே ஆவியாகும். முதலில் உறைய வைப்போம். பிறகு காற்றை உறிஞ்சி, தட்டுகளுக்குச் சிறுகச் சிறுக வெப்பம் கொடுப்போம். வெளிவரும் ஆவியை மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே இருக்கும் கண்டென்சர் பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒட்டியிருக்கும் கொஞ்ச ஈரத்தையும் விரட்டுவோம். மிஞ்சுவது, பனி இருந்த இடமெல்லாம் துளைகளாக, கடற்பஞ்சு மாதிரி ஒரு கட்டி.

தட்டணுவின் சவ்வு இதில் கிழியாதா? கிழியும். அதற்கும் இயற்கையிடம் மருந்து உண்டு. கடலோர இறால் குஞ்சு பொரிப்பகங்களில் ஆர்டீமியா முட்டை டப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்து, உப்பு நீரில் போட்டால் உயிர் பெறும். அதன் இரகசியங்களில் ஒன்று ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. பேக்கரி உலர் ஈஸ்ட்டிலும் இருப்பது அதுதான். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குரோ குழுவினர் இதே சர்க்கரையைத் தட்டணுவுக்குள் ஏற்றி, உலர்த்தி, மீண்டும் நனைத்து, பெரும்பாலானவை தாக்குப்பிடிப்பதை 2001இல் காட்டினார்கள். எலும்பு வேலைக்கு இன்னொரு சலுகையும் உண்டு. தட்டணு முழுசாகப் பிழைக்க வேண்டும் என்பதில்லை. உள்ளே இருக்கும் புரதங்கள் கெடாமல் இருந்தால் போதும்.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளின் மண்டையோட்டில் ஏற்படுத்திய குறையை ஆறு வாரத்தில் உலர் ஃபைப்ரின் 97 சதவீதம் மூடியது. புதிய ஃபைப்ரின் 84. எதுவும் வைக்காதது 16. கேட்க இனிக்கிறது. ஆனால் தம்பிகளே, அது எலி! மனிதர்களிடம் பிளாஸ்மா, ஃபைப்ரின் சிகிச்சைகள் பற்றி வந்த முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. மென்திசு ஆறுவதிலும், பல் பிடுங்கிய பின் வலி குறைவதிலும் நல்ல செய்தி அதிகம். எலும்பு வளர்ச்சியில் சிலர் பலன் கண்டார்கள், சிலர் வித்தியாசம் காணவில்லை. மேஸ்திரி வந்தால் மட்டும் வீடு எழும்பாது; செங்கலும் சென்ட்ரிங்கும் தண்ணீரும் வேண்டும். அதுபோல எலும்பு ஒட்டோ செராமிக் சட்டமோ, இரத்த ஓட்டமோ இல்லாமல் தட்டணு தாடையைக் கட்டித் தராது.

இதையெல்லாம் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2021இல் கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை வந்ததே, அந்த ஜூன் முடிவதற்குள் நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். உயிர் பிழைத்தவர்களில் பலருக்கு மேல்தாடையும் சிலருக்குக் கண்ணும் போயின. மேலண்ணத்தில் ஓட்டை இருந்தால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியே வரும். அப்படிப்பட்டவரிடம் "ஒரு பொடி இருக்கு, எலும்பு வளரும்" என்று எவன் சொன்னாலும் நகையை அடகு வைத்தாவது வாங்குவார். அவரிடம் பாதி உண்மை சொல்வது பாவம்.

எங்களுக்கே ஒரு சோதனை வந்தது. ஒரு வாடிக்கையாளர், பெயர் வேண்டாம், 48 மணி நேர சுழற்சியை 24 மணி நேரமாகக் குறைத்துத் தரச் சொன்னார். தட்டின் வெப்பத்தை ஏற்றினால் சீக்கிரம் முடியும்தான். ஆனால் கட்டி உள்ளுக்குள் இளகிச் சரிந்துவிடும். ஈரம் தங்கும், நாளாவட்டத்தில் புரதம் கெடும். வெளியே பார்த்தால் அதுவும் வெள்ளைத் தூள்தான். "யார் சார் பார்க்கப் போறாங்க?" என்றார். எங்கள் மேலாளர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஆர்டர் போயிற்று. அந்த வருஷம் எங்கள் பிரிவுக்கு அது பெரிய அடிதான். ஆனாலும் அன்றைக்கு அவரோடு வேலை பார்ப்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆகவே மாணவர்களே, இத்தகைய பொருள் எதைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். யாருடைய இரத்தம், என்னென்ன கிருமிப் பரிசோதனை? ஒவ்வொரு பேட்சிலும் வளர்ச்சிக் காரணி எவ்வளவு, ஈரம் எவ்வளவு? சோதித்தது எலியிலா, மனிதரிலா? முகப்பொலிவுக்கென்று விற்கும் குப்பிகளுக்கும் இதே கேள்விகள்தான்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தூளுக்கு மூலப்பொருள் எந்தத் தொழிற்சாலையிலும் தயாராவதில்லை. மனிதர் கொடுத்தால்தான் உண்டு. இரத்ததானத்தை ஆண்டுதோறும் நம் சங்கமே முன்நின்று நடத்த வேண்டும். வண்டியில் போகும்போது ஹெல்மெட்டின் பட்டையையும் மாட்டுங்கள். கடவுள் கொடுத்த தாடைக்கு ஈடாக எங்கள் இயந்திரம் எதையும் இன்னும் செய்துவிடவில்லை.

மும்மைப் புள்ளி பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைக்கும் தம்பி தங்கைகளே, அந்தப் புள்ளியை வைத்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். உங்கள் பாடத்தில் எந்தப் புள்ளி யாருடைய முகத்துக்கு உதவும் என்பதை இப்போதே யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் எல்லாவற்றையும் புரிந்து படியுங்கள்.