கம்பளி கெடுவது சும்மா கிடக்கும்போதுதான்!



"ராமநாதபுரம் சீமையிலே கம்பளி எதுக்கு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நம்ம ஊர் வெயில்தான் அவர்களுக்குத் தெரியும். மார்கழித் திருவாதிரை சமயம் உத்தரகோசமங்கைக்கு வந்து பார்க்க வேண்டும். மரகத நடராஜருக்கு வருஷத்தில் ஒரு தடவை சந்தனக் காப்புக் களைவதைத் தரிசிக்க வந்த சனம், பனியிலே போர்வையும் கம்பளியுமாக விடிய விடிய உட்கார்ந்திருக்கும். ஆட்டுக் கிடை போடுகிற கீதாரிக்கும், களத்திலே நெல்லுக்குக் காவல் படுக்கிறவருக்கும் கம்பளிதான் துணை. வீட்டிலே வயசானவர்களுக்கும் அதுதான்.

ஆனால் வருஷத்தில் மூன்று மாதம்தான் அதற்கு வேலை. மீதி ஒன்பது மாதம் பரணிலோ பெட்டியிலோ கிடக்கிறது. கம்பளி பாழாவது நாம் போர்த்துகிற மூன்று மாதத்தில் இல்லை. சும்மா கிடக்கிற ஒன்பது மாதத்தில்தான். ஐப்பசி மழைக்கு எடுத்து உதறினால் சல்லடையாகக் கண்ணு கண்ணாக இருக்கும். இதைத் தடுப்பது எப்படி என்று இன்று சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது உண்மையான கம்பளிதானா என்று பாருங்கள். நம்ம பக்கத்து ராமநாதபுரம் வெள்ளை, கீழக்கரிசல் ஆடுகளுக்கு உடம்பில் இருப்பது வெறும் முடி; கம்பளிக்கு உதவாது. கோயம்புத்தூர் ஆடு, திருச்சி கருப்பு ஆடு, நீலகிரி ஆடு, இவைதான் தமிழ்நாட்டில் கம்பளி ரோமம் தருபவை. இப்போது கடையில் கம்பளி என்று விற்பதில் பல செயற்கை இழை. ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துத் தீயில் காட்டுங்கள். தலைமுடி கருகுகிற வாடை அடித்து, விரலில் தேய்த்தால் சாம்பல் பொடியாக உதிர்ந்தால் அது ஆட்டு ரோமம். உருகி உருண்டையாகக் கெட்டிப்பட்டால் செயற்கை இழை. செயற்கை இழையைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. நான் சொல்லப்போகிற கவனம் எல்லாம் ரோமக் கம்பளிக்குத்தான்.

நெல்லில் அந்து விழுவது உங்களுக்குத் தெரியும். அதே மாதிரி கம்பளிக்கென்று ஒரு அந்து இருக்கிறது. வைக்கோல் நிறத்தில் நெல்மணி அளவுகூட இராது. வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும். பறக்கிற பூச்சி கம்பளியைத் தின்பதே இல்லை. அது முட்டை வைப்பதோடு சரி. ஒரு பூச்சி நாற்பது, ஐம்பது முட்டை வைக்கும். அதிலிருந்து வருகிற புழுதான் தின்கிறது. வீட்டுச் சுவரில் வெள்ளரி விதை மாதிரி சாம்பல் நிறக் கூடு ஒன்று ஒட்டிக்கொண்டு மெதுவாக நகருவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இந்த ஜாதியைச் சேர்ந்ததுதான். சிலந்தி வலை, உதிர்ந்த முடி, கம்பளி எல்லாம் அதற்குத் தீனி.

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. சுத்தமான ரோமத்தை மட்டும் தின்று இந்தப் புழு நன்றாக வளர முடியாது. வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, சிந்திய கஞ்சி, மூத்திரக் கறை, இவை இருக்கிற இடத்தைத்தான் முதலில் அரிக்கும். அதனால்தான் கழுத்துப் பக்கமும் ஓரமும் முதலில் ஓட்டை விழுகிறது. ஆகவே அழுக்குக் கம்பளியை மடித்து வைப்பது, பூச்சிக்கு இலை போட்டு விருந்து வைப்பதற்குச் சமம்.

மாசி மாதம் கண்மாயில் தண்ணீர் இருக்கும்போதே துவைத்துவிடுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். நூலில் தங்குகிற உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உவர்மண், சலவைச் சோடா, சாம்பல், வெள்ளாவி எதுவும் கூடாது. காரம் ரோமத்தை அரித்துவிடும். வெந்நீரும் கூடாது, கம்பளி சுருங்கி முரடாகிப் போகும். பூந்திக்கொட்டையை விதை நீக்கி முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டு, நுரைத் தண்ணீரை வடிகட்டிக்கொள்ளுங்கள். அதில் பத்து நிமிஷம் கம்பளியை முக்கி, கையால் அமுக்கி அமுக்கி அழுக்கெடுங்கள். கல்லில் அடிக்காதீர்கள், முறுக்கிப் பிழியாதீர்கள். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, கயிற்றுக் கட்டிலில் விரித்து நிழலில் காயவிடுங்கள்.

கீதாரிகள் வைத்திருக்கிற கெட்டியான கறுப்புக் கம்பளியை வருஷா வருஷம் துவைக்க வேண்டியதில்லை. முள்ளைப் பொறுக்கி, குச்சியால் தட்டித் தூசி போக்கி, இரண்டு பக்கமும் வெயில் காட்டினால் போதும்.

காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து நம்பாதீர்கள். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஈரத்தை வாங்கிக்கொண்டும் கம்பளி கைக்கு உலர்ந்த மாதிரியே இருக்கும். ஆகவே இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காயட்டும். சாயங்காலம் கீழக்கரைப் பக்கமிருந்து கடற்காற்று வருமுன் உள்ளே எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு அரை நாள் நல்ல வெயில் காட்டி, சூடு ஆறியதும் மடியுங்கள்.

பழைய பருத்தி வேட்டியில் சுற்றித் தகர டிரங்குப் பெட்டியில் வைப்பது நல்லது. பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல், செங்கல் மேல் தூக்கி வையுங்கள், கறையான் ஏறாது. யூரியாச் சாக்கில் திணிக்கிற பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. உள்ளே ஈரம் அடைபட்டுப் பூசணம் பிடிக்கும். அது வேண்டாம்.

வேப்பிலை போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம்; நிழலில் காய்ந்த இலையாகப் போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கொண்டுவரும். வேப்பிலை வாடைக்குப் பூச்சி கொஞ்சம் ஒதுங்குமே தவிர, உள்ளே இருக்கிற புழு சாகாது.

கடையில் விற்கிற அந்துருண்டை, பேரிலேயே அந்தை வைத்திருக்கிறது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், கீழே இறங்கும். ஆகவே துணியில் முடிந்து கம்பளிக்கு மேலே வைத்து, பெட்டியை இறுக மூடுங்கள். திறந்த பரணில் போட்டால் பலன் இல்லை. தாய்மார்கள் இதை மறக்கக் கூடாது: அந்துருண்டை வாடை அடிக்கிற கம்பளியைக் கைப்பிள்ளைக்குப் போர்த்தாதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த ஆவியால் ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். இரண்டு மூன்று நாள் வெளியில் காயப்போட்டு, வாடை அறவே போன பிறகுதான் எடுக்க வேண்டும். மிட்டாய் என்று நினைத்துப் பிள்ளைகள் வாயில் போடாத இடத்தில் உருண்டையை வையுங்கள்.

வயலுக்கு வாங்கின பூச்சி மருந்துத் தூளைக் கம்பளியில் தூவவே கூடாது. தானியத்துக்கு வைக்கிற அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுப் பெட்டியில் போடுவது உயிருக்கே ஆபத்து. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அது விஷ வாயுவாகக் கிளம்பும். வீட்டில் படுத்திருப்பவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு கம்பளிக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

கடைசியாக ஒன்று. வைத்ததோடு மறந்துவிடாதீர்கள். சித்திரையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை, மழைக்கு முன்னால் புரட்டாசியில் ஒரு தடவை பெட்டியைத் திறந்து, கம்பளியை உதறி, வெயில் காட்டுங்கள். இருட்டும் அமைதியும்தான் இந்தப் பூச்சிக்குப் பலம். திரும்ப மடிக்கும்போது பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடியுங்கள். மடிப்பில் இற்றுப் போகாது. சிறு ஓட்டை கண்டால் அன்றைக்கே இழை ஓட்டித் தைத்துவிடுங்கள்.

பூந்திக்கொட்டை, வெயில், ஒரு பழைய வேட்டி. செலவென்று பார்த்தால் ஒன்றும் பெரிசில்லை. வருஷத்துக்கு நாலு நாள் வேலை. இதைச் செய்தால் ஒரு கம்பளி பத்து மார்கழிக்கு மேல் உழைக்கும். இந்த மாசியிலேயே ஆரம்பியுங்கள்.