பேச்சு நின்றாலும் விமானம் இறங்கும்



விஸ்வநத்தம், சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவப்பு எரிய வேண்டுமா, ஸ்ட்ரான்சியம் உப்பு. பச்சை எரிய வேண்டுமா, பேரியம் உப்பு. இந்த இரண்டு நிறங்களுக்கும் விமான உலகில் சட்டம் வகுத்த பொருள் உண்டு. ரேடியோ பழுதாகி வரும் விமானத்தோடு தரையில் இருப்பவர்கள் பேசுவது இந்த நிறங்களில்தான்.

2017 பிப்ரவரி 16-ஆம் தேதி மும்பையிலிருந்து லண்டனுக்கு ஜெட் ஏர்வேஸ் விமானம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. உள்ளே 330 பயணிகள், 15 ஊழியர்கள். ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பக்கம் போகும்போது தரையிலிருந்து கூப்பிடக் கூப்பிடப் பதில் இல்லை. கடத்தலாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஜெர்மன் விமானப்படையின் போர் விமானங்கள் கிளம்பி வந்து பக்கத்திலேயே பறந்தன. சில நிமிடங்களில் தொடர்பு திரும்பியது. விமானம் பத்திரமாக ஹீத்ரோவில் இறங்கியது. அலைவரிசை தவறாக வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை.

தொடர்பு அறுந்தால் விமானி முதலில் சந்தேகப்படுவது இப்படிப்பட்ட சின்னத் தவறைத்தான். ஹெட்செட் சரியாகச் செருகியிருக்கிறதா, ஒலி குறைந்திருக்கிறதா, அலைவரிசை எண் சரிதானா என்று பார்ப்பார். அடுத்து, கடைசியாகப் பேசிய அலைவரிசைக்குத் திரும்பிப் போவார். பெரிய விமானங்களில் பொதுவாக மூன்று விஎச்எஃப் ரேடியோக்கள் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று. அதிலும் கிடைக்காவிட்டால் 121.5 மெகாஹெர்ட்ஸ். ஆபத்துக் காலத்துக்கென்றே உலகம் முழுவதும் ஒதுக்கி வைத்திருக்கும் அலைவரிசை அது. அக்கம்பக்கத்தில் பறக்கும் வேறொரு விமானத்தின் விமானி அதில் கேட்டுச் செய்தியைத் தரைக்குச் சொல்லிவிடவும் முடியும்.

எதுவுமே பலிக்கவில்லை என்றால், டிரான்ஸ்பாண்டர் என்ற கருவியில் 7600 என்று நான்கு இலக்கம் திருப்புவார். ரேடார் திரையில் பார்ப்பவருக்கு அதன் அர்த்தம்: ‘என் ரேடியோ வேலை செய்யவில்லை.’ கடத்தலுக்கு 7500, மற்ற ஆபத்துகளுக்கு 7700. ஆகவே 7600-ஐக் கண்டதும் தரையில் இருப்பவருக்கு வீண் பதற்றம் இல்லை. அவர் ஒன்று செய்து பார்ப்பார்: ‘நான் பேசுவது கேட்டால் கொஞ்சம் திரும்பிக் காட்டுங்கள்’ என்பார். திரையில் புள்ளி திரும்பினால், விமானிக்குக் காது கேட்கிறது, வாய்தான் இல்லை என்று தெரிந்துவிடும்.

காதும் வாயும் இரண்டுமே போனால்? வானம் தெளிவாக இருந்தால் பக்கத்தில் பொருத்தமான விமான நிலையத்தில் இறங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மேகத்துக்குள், ரேடார் பார்வையில் இருந்தால், கடைசியாகச் சொன்ன உயரத்தையும் வேகத்தையும் 7 நிமிடம் மாற்றாமல் வைத்திருந்து, பிறகு முன்கூட்டியே எழுதிக்கொடுத்த பயணத் திட்டப்படி போக வேண்டும். சேர வேண்டிய நேரத்திலிருந்து அரை மணிக்குள் முடிந்தால் இறங்கிவிட வேண்டும். இவர் இன்ன நேரம் இன்ன இடத்துக்கு வருவார் என்று தரையில் இருப்பவருக்குத் தெரியும். மற்ற விமானங்களை விலக்கி வழி விடுவார்.

நிலையத்தை நெருங்கியதும் நிறங்களின் வேலை. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து விமானத்தை நோக்கிச் சைகை விளக்கு காட்டுவார்கள். நிலையான பச்சை: இறங்கலாம். நிலையான சிவப்பு: வேறு விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. விட்டுவிட்டு மின்னும் சிவப்பு: நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. சிவப்பு வாணம் ஒன்று மேலே எழுந்தால், முன்பு என்ன சொல்லியிருந்தாலும் இப்போதைக்கு இறங்காதே என்று பொருள். பகலில் விமானி இறக்கையை ஆட்டி ‘பார்த்துவிட்டேன்’ என்பார். இரவானால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார்.

நேயர்களே, கருவிகள் எத்தனை இருந்தாலும் பேச்சு நின்ற விமானத்தைக் காப்பாற்றுவது முன்னேற்பாடுதான். பேச முடியாமல் போனால் நீ என்ன செய்வாய், நான் என்ன செய்வேன் என்று விமானியும் தரையில் இருப்பவரும் முன்பே முடிவு செய்து, படித்து, பழகி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு வார்த்தை பேசாமலே ஒருவரை ஒருவர் நம்ப முடிகிறது.

நமக்கும் இதே முன்னேற்பாடு வேண்டும். நம் பகுதியில் பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் அந்த நேரத்தில் போன் கிடைக்காது, சத்தத்தில் குரல் கேட்காது. எந்த வாசலால் வெளியேறுவது, எங்கே கூடுவது, ஆட்களை எண்ணிப் பார்ப்பது யார் என்பது அந்த நேரத்தில் பேசி முடிக்கிற விஷயமே இல்லை. ஆலை வைத்திருப்பவர்களும் போர்மேன்களும் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து இதை முடிவு செய்து, ஒத்திகையும் பார்த்துவிடுங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே செய்யுங்கள்.