ஜூன் மாதத்தில் சென்னை குளிர்ந்துவிடுமா?



ஜூன் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தேக்காவில் டிக்கெட் விலையை விசாரித்த கையோடு ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள். "கத்திரி வெயில் மே 28ஆம் தேதியோட முடிஞ்சிடும். நாம ஜூன்லதானே போறோம், பரவாயில்லை." வட தமிழகக் கடலோரத்தின் கோடைக்காலம் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். இந்தச் சமாதானத்திலிருந்தே தொடங்குகிறேன். பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

வட கடலோரம் என்று நான் சொல்வது திருவள்ளூர், சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களையும் புதுச்சேரியையும். கத்திரி என்பது சூரியன் எந்த நட்சத்திரத்தில் சஞ்சரிக்கிறது என்பதை வைத்துப் பஞ்சாங்கம் போடும் கணக்கு. பஞ்சாங்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சென்னையில் மே மாதத்துப் பகல் வெப்பத்தின் சராசரிக்கும் ஜூன் மாதத்துச் சராசரிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரிதான். அந்த ஒரு டிகிரியை நம்பி எழுபது வயது அம்மாவை நண்பகலில் தியாகராய நகருக்குப் புடவை வாங்க அழைத்துப் போகலாமா?

அங்கே வெயிலின் கடுமையை முடிவு செய்வது தேதி அல்ல, காற்று. காலையில் சூரியன் ஏற ஏற நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகத்தான் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழும்பியதும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இது நண்பகலுக்கு முன்னால் வந்துவிட்டால் அன்றைக்குச் சென்னை தப்பித்தது. மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்றை உள்ளே விடாது. மூன்று மணி, நான்கு மணி வரைகூடத் தாமதம் ஆகும். அந்த நாட்களில்தான் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டி, ஈரம் குறைந்த மேற்குக் காற்றாகச் சென்னைப் பக்கம் வருகிறது. கடற்காற்றுக்கு இதுவே தடை. கத்திரி முடிந்த பிறகும் ஜூன் சுடுவதற்குக் காரணம் இதுதான்.

ராயபுரத்தில் இருக்கும் என் அத்தைக்கு இந்த விளக்கமெல்லாம் தேவையில்லை. "இன்னிக்குக் காத்து பன்னெண்டு மணிக்கே வந்திடுச்சு" என்று தொலைபேசியில் சொன்னால், அன்றைய வானிலை அறிக்கை முடிந்தது என்று அர்த்தம். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர் அவர். அதே காற்று அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் போய்ச்சேர இன்னும் நேரம் பிடிக்கும்.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். மே 13ஆம் தேதி நம் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான சிங்கப்பூரின் உச்சத்துக்கு அது சமம். மறுநாள் மோக்கா புயல் மியன்மார் கரையைக் கடந்தது. அப்படி வடக்கே போகும் புயல், போகிற போக்கில் தமிழகத்தின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும், நிலக்காற்றையும் முடுக்கிவிடும். அடுத்த சில நாட்களில் சென்னை 40 டிகிரியைத் தாண்டியது. வெயிலால் தமிழகப் பள்ளிகளின் திறப்பு ஜூன் 12க்கும், சிறு பிள்ளைகளுக்கு ஜூன் 14க்கும் தள்ளிப்போனது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 19 அன்று பெருமழை. சென்னையில் மறுபடியும் பள்ளிகளுக்கு விடுமுறை! ஒரே மாதத்தில் இரண்டும் நடந்தன. வெப்பமும் மேற்குக் காற்றும் கடற்காற்றும் மோதும் மாலைகளில் இடிமழை வருவது ஜூன் மாதத்துக்குப் புதிதல்ல.

இந்திய வானிலை ஆய்வு மையம் கோடை தொடங்குவதற்கு முன்பே பருவ முன்னோட்டம் வெளியிடுகிறது. "இயல்பை விட அதிக வெப்பம்" என்று அதில் வந்தவுடன் பயணத்தை ரத்து செய்கிறவர்களும் உண்டு. அது மூன்று மாதத்துக்கான சராசரியைப் பற்றிய வாய்ப்புக் கணக்கு. நீங்கள் போகும் வாரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. புறப்படுவதற்கு நான்கைந்து நாள் முன்னால், சென்னை மண்டல மையத்தின் அறிக்கையைப் பாருங்கள்.

"வெப்ப அலை" என்ற சொல்லிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும், அதோடு இயல்பை விட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். அப்போதுதான் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள். சென்னையின் மே மாத இயல்பே 37 டிகிரிக்கு மேல். அப்படியென்றால் 40 டிகிரி கொளுத்தும் நாளில்கூட அறிவிப்பு வராமல் போகலாம். அறிவிப்பு இல்லையே என்று குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வேலூரில் 41 டிகிரியில் வியர்வை உடனே காய்ந்து உடல் குளிரும். கடலோரத்தில் 37 டிகிரியிலேயே சட்டை நனைந்தபடி இருக்கும், உடல் குளிராது. சிங்கப்பூர்வாசிகளான நமக்கு இது தெரிந்த புழுக்கம்தான். அதனால்தான் இங்கே வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கிறார்கள். அந்த அளவு 33ஐத் தொட்டால் வெப்ப அழுத்தம் அதிகம் என்று பொருள். 32ஐத் தொட்டாலே, வெளியில் கடும் உடலுழைப்பு செய்யும் ஊழியர்களுக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு தரவேண்டும் என்பது 2023 அக்டோபரிலிருந்து விதி. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் கடலூர், விழுப்புரத்துத் தம்பிகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உரிமையைக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

தண்ணீர் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னையின் கோடைத் தண்ணீர் முந்தைய அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்த மழையில் இருக்கிறது. 2018இல் அந்த மழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, மக்கள் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்தார்கள். விருந்தாளியாகப் போய் இறங்கும் முன், வீட்டில் தண்ணீர் நிலைமையை விசாரித்துவிடுவது நல்லது.

போகிறவர்கள் கோயில், கடைவீதி எல்லாவற்றையும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் போன்ற உள்ளூர்ப் பயணம் அதிகாலையில், மகாபலிபுரம் மாலையில் என்று வைத்துக்கொண்டால் காற்று உங்கள் பக்கம் இருக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று இங்கேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

எனக்கு அதிகக் கவலை, போக முடியாமல் இங்கே இருக்கிறவர்களைப் பற்றித்தான். பெற்றோர் அங்கே தனியாக இருப்பார்கள். நம் நேரம் அவர்களை விட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. மாலை நாலரைக்கு நீங்கள் அழைத்தால் அங்கே பிற்பகல் இரண்டு. "சாப்டீங்களா" என்பதோடு, "காத்து வந்திடுச்சா, தண்ணி குடிச்சீங்களா" என்றும் கேளுங்கள். பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ, தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, உடம்பை ஈரத்துணியால் துடைத்து, விசிறிவிட்டு, 108க்குச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலிருந்து நீங்கள் 108ஐ அழைக்க முடியாது. அதனால் எதிர்வீட்டுக்காரருடைய எண்ணை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.